வண்ண அட்டையில் ஆரம்பித்து விருந்துச் சாப்பாடு வரை... கடல் தாண்டிய வானொலி நட்புகள்!

திருச்சியிலிருந்து சென்னை போகும் பஸ்ஸில், பெரம்பலூர் தாண்டி மங்கலமேடு நெருங்கும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் ஒருமுறையாவது தலையைத் திருப்புவார்கள். ரஞ்சன்குடி கோட்டை! 1751-ல் ஆற்காடு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஆங்கிலேயர் துணை, இன்னொருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. அந்தச் சண்டையின் ஒரு முக்கியமான கட்டம் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது. ஆக, ஊருக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் என்றால் வரலாற்றுப் புத்தகம் காட்டுவது அழையாமல் வந்தவர்களைத்தான்.

அழைத்து வருகிறவர்கள், அழைத்தால் நாம் போகிற இடங்கள் - இது வேறு கதை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் 'ஃபாரின்ல ஆள் இருக்கு' என்றால் பெரும்பாலும் ரெண்டு அர்த்தம்தான். ஒண்ணு, துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் சொந்தக்காரர். இன்னொண்ணு, அங்கே கட்டிக்கொடுத்த பொண்ணு. ஆனால், மூணாவதா ஒரு வகை உண்டு. சொந்தமும் இல்லை, சாதிசனமும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒரே பொழுதுபோக்கு. அதை வைத்தே கடல் தாண்டி ஒருவர் வீட்டுக்குப் போய், கை நனைத்து, ரெண்டு நாள் தங்கிவிட்டு வரும் நட்பு.

தபால்தலை சேகரிப்பவர்கள், பறவை பார்ப்பவர்கள், சைக்கிளில் ஊர் சுற்றுபவர்கள் என்று எல்லோருக்கும் இந்த மாதிரி நட்புகள் உண்டு. ஆனா, நம்ம ஊர் அளவுக்கு இதில் ஊறிப்போன ஒரு பொழுதுபோக்கு வானொலிதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ரேடியோக்காரர்களைப் பற்றியே. மற்ற பொழுதுபோக்கு உள்ளவர்களுக்கும் இதில் பாதி அப்படியே பொருந்தும்.

கொழும்பும் பீஜிங்கும் பக்கத்து ஊரானது எப்படி?

இலங்கை வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925-ல். அப்பா, தாத்தா தலைமுறையிடம் பி.எச்.அப்துல் ஹமீத், கே.எஸ்.ராஜா, மயில்வாகனன் என்று பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பெரம்பலூர் பக்கத்து டீக்கடைக்குக் கொழும்பு அறிவிப்பாளர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அதோடு லண்டனிலிருந்து பி.பி.சி தமிழோசை, மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணி, பீஜிங்கிலிருந்து சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு என்று சிற்றலை வரிசையில் ஒரு தனி உலகமே இருந்தது.

இதில் சீன வானொலி கதை சுவாரஸ்யமானது. 1963-ல் தொடங்கிய அந்தத் தமிழ்ப் பிரிவில், தமிழ் படித்த சீனர்களே அறிவிப்பாளர்கள். கலைமகள், வாணி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு அவர்கள் பேச, இங்கே ஊர் ஊராக நேயர் மன்றங்கள் முளைத்தன. இன்லேண்ட் லெட்டரும் வெளிநாட்டு ஏரோகிராமும் வாங்குவதற்கென்றே மாசச் செலவில் ஒரு தொகை ஒதுக்கிய ஆட்கள் உண்டு. மன்றங்கள் மாநாடு நடத்தின. அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து நேயர்களைச் சந்தித்தார்கள். பொது அறிவுப் போட்டியில் சிறப்புப் பரிசு வென்ற நேயர்கள் சிலர் சீனாவுக்கே விருந்தினராக அழைக்கப்பட்டார்கள். போஸ்ட் கார்டில் பதில் எழுதிப் போட்டு, அதன் வழியா பீஜிங் போவது என்றால் சும்மாவா!

இன்றைக்கு அந்த உலகம் சுருங்கிவிட்டது. 2017-ல் பி.பி.சி தமிழோசையின் வானொலிச் சேவை நின்றது. அடுத்த வருஷமே வேரித்தாஸும் சிற்றலையை நிறுத்திக்கொண்டது. ஆனால் நிலையங்கள் மூடினாலும், அந்த நிலையங்கள் வழியாக அறிமுகமானவர்கள் மூடிக்கொள்ளவில்லை. கடிதம் வாட்ஸ்அப் ஆனது, அவ்வளவுதான்.

ஓர் அட்டைக்கு இவ்வளவு மரியாதையா?

வானொலி கேட்பதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டவரை 'டி.எக்ஸர்' என்பார்கள். தந்திக் காலத்தில் தூரத்தைக் குறிக்க வந்த சுருக்கம் அது. வேலை எளிது. எங்கோ தூரத்து நிலையம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். எந்தத் தேதி, எந்த அலைவரிசை, சர்வதேச நேரப்படி எத்தனை மணி (நம்ம நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்), என்ன நிகழ்ச்சி என்று எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கூடவே 'சின்போ' எனும் மதிப்பெண். ஒலியின் வலு, பக்கத்து நிலையத்தின் தொல்லை, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி என்று ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடுவது. உண்மைதான் என்று நிலையத்துக்குத் தெரிந்தால் ஓர் அட்டை அனுப்பும். ஆங்கிலத்தில் 'க்யூ.எஸ்.எல்', நம்ம நேயர்கள் வைத்த பெயர் 'வண்ண அட்டை'. பெயரே அழகு!

இதற்கு அடுத்த படி ஹாம் ரேடியோ. இதில் கேட்பது மட்டுமல்ல, பேசவும் செய்யலாம். 12 வயது நிரம்பியவர் மத்திய அரசின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். அதோடு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். இந்தியர் என்றால் 'வி.யு' என்று தொடங்கும். இலங்கைக்கு '4எஸ்', சிங்கப்பூருக்கு '9வி', மலேசியாவுக்கு '9எம்'. ராஜீவ் காந்தி 'வி.யு.2ஆர்.ஜி'. ஜோர்டான் மன்னர் ஹுசைன் 'ஜே.ஒய்.1'. வானொலியில் ராஜாவும் ஒன்றுதான், ரஞ்சன்குடி ஆளும் ஒன்றுதான். ரெண்டு பேரும் முதலில் சொல்ல வேண்டியது அழைப்புக் குறி, பெயர், ஊர்.

இந்தச் சமத்துவத்தில்தான் விருந்தோம்பலின் விதை இருக்கிறது என்பது என் எண்ணம். முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவது வேறு. பத்து வருஷமாக உங்கள் கையெழுத்தையோ குரலையோ அறிந்தவர் வீட்டில் தங்குவது வேறு. உங்கள் ஊரில் கரன்ட் எப்போது போகும், மழை எப்போது வரும், உங்கள் மகள் எந்த வகுப்பு என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். முகம் மட்டும்தான் புதிது.

இன்னொரு காரணமும் உண்டு. சிரிக்காதீங்க! உலகம் முழுக்க பொழுதுபோக்குக்காரர்களின் வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தப் பொழுதுபோக்கு அலுத்துப்போய்விட்டது. ஆன்டெனா பற்றி ஆர்வமாகக் கேட்க ஒரு ஜீவன் இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருப்பவர் வாசலில், 'உங்க ஆன்டெனாவைப் பார்க்கணும்' என்று ஒருவர் பெட்டியோடு வந்து நின்றால்? பெரும்பாலான ஹாம் வீடுகளில் ஹாலைக் காட்டுவதற்கு முன்னாலேயே ரேடியோ அறையைத்தான் காட்டுவார்கள். அதற்குச் செல்லப் பெயர் 'ஷாக்', அதாவது குடிசை.

காத்மாண்டு ஃபாதரும், சுனாமி நாள்களும்

இந்த விருந்தோம்பலுக்குப் பேர் போனவர் ஒருவர் நேபாளத்தில் இருந்தார். ஃபாதர் மார்ஷல் மோரன். அமெரிக்காவின் சிகாகோவிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார். 1951-ல் காத்மாண்டு அருகே கோதாவரியில் புனித சேவியர் பள்ளியைத் தொடங்கியவர். அவர் அழைப்புக் குறி '9என்1எம்எம்'. பல வருஷங்களுக்கு நேபாளம் என்றால் உலக ஹாம்களுக்குக் காதில் விழும் குரல் அவருடையதுதான். 'நேபாளத்தைப் பிடிச்சுட்டேன்' என்று சொல்ல ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அவருக்காகக் காத்திருந்தார்கள். காத்மாண்டு போன ஹாம்களோ நேரில் போய்ப் பார்த்தார்கள். 1992-ல் அவர் காலமாகும் வரை இது தொடர்ந்தது. ஒரு மனிதர் ஒரு நாட்டுக்கே வாசலாக இருந்த கதை அது.

நம்ம பக்கம் வந்தால் 2004 டிசம்பர். அந்தமானில் பல வருஷங்களாக ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. அனுமதி வாங்கி, டெல்லியிலிருந்து பாரதி பிரசாத் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். நோக்கம் முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு. அரிதான தீவிலிருந்து உலகத்தோடு பேசுவது. டிசம்பர் 26 காலையில் நிலம் ஆடி, கடல் ஏறியது. தொலைபேசி செத்துப்போன நேரத்தில், அந்தப் பொழுதுபோக்கு ரேடியோதான் தீவுக்கும் வெளியுலகுக்கும் செய்தி கடத்தியது. அதே நாள்களில் இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் (4எஸ்7விகே) அவரோடு இருந்த இலங்கை வானொலிச் சங்கத்தினரும் தெற்குக் கரையைக் கொழும்போடு இணைத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நட்பு 'ஹலோ, வெதர் எப்படி' என்று நிற்பதில்லை. இக்கட்டில் ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பழகியவர்கள். அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் போகும்போது நாமும் அதற்குத் தகுந்தவராகப் போக வேண்டாமா?

கிளம்புறதுக்கு முன்னாடி

நம்ம வட்டாரத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கும் திருச்சி, விமானத்துக்கும் திருச்சி. கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் மூன்றுக்கும் அங்கிருந்தே நேரடி விமானம். மூன்றிலும் தமிழ் பேசும் ரேடியோ நண்பர்கள் கிடைப்பார்கள். முதல் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. நேரே ஜப்பான், ஜெர்மனி என்று குதிக்காதீர்கள்.

விசாதான் முதல் சோதனை. 'யாரைப் பார்க்கப் போறீங்க?' என்பதற்கு 'ரேடியோ நண்பர்' என்று சொன்னால் அதிகாரி புருவத்தை உயர்த்துவது இயல்பு. இங்கேதான் பழைய வண்ண அட்டைகளும் கடிதங்களும் கைகொடுக்கும். நட்பு நேற்று முளைத்ததல்ல என்பதற்குத் தேதி முத்திரையோடு சாட்சி அவை.

அதேபோல், அழைக்கும் நண்பருக்கும் வேலை இருக்கிறது. பலர் யோசிப்பதில்லை. சிங்கப்பூர் விசாவுக்கு அங்கே உள்ளவர் 'வி39ஏ' எனும் அறிமுகப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிவரும். பிரான்ஸில் வீட்டில் தங்கவைப்பவர் தன் ஊர் நகராட்சிக்குப் போய் வரவேற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஜெர்மனியில் உங்கள் செலவுக்கு அவர் பொறுப்பேற்பதாக இருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். நீங்கள் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால்கூட அந்தக் கையெழுத்து அவரைத் தேடி வரும். 'ஒரு லெட்டர்தானே, அனுப்புங்க சார்' என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். ஒருத்தர் தன் சம்பளச் சீட்டையும் வீட்டு அளவையும் உங்களுக்காக அரசாங்கத்திடம் காட்டுகிறார். விருந்து சமைப்பதைவிடப் பெரிய விருந்தோம்பல் அது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் முன் அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரேடியோவை எடுத்துப் போகலாமா? கேட்க மட்டும் செய்யும் சின்ன ரேடியோ பெரும்பாலான இடங்களில் பிரச்னை இல்லை. பேசும் கருவி என்றால் அந்த நாட்டு அனுமதி கையில் இருக்க வேண்டும். உங்கள் இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது. நண்பரிடமே கேட்டால் அவர்கள் சங்கம் வழி சொல்லும். பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள்.

பொழுதுபோக்குதானே என்று அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 2001 நவம்பரில் பிரிட்டன், நெதர்லாந்தைச் சேர்ந்த 14 பேர் கிரீஸ் நாட்டில் கைதானார்கள். அவர்கள் செய்தது, விமானங்களைப் பார்த்து நம்பர் குறித்துக்கொள்வது. அவர்கள் ஊரில் அது சாதாரணப் பொழுதுபோக்கு. கிரீஸ் ராணுவத் தளத்தின் பக்கத்தில் அது உளவு. தண்டனைத் தீர்ப்பே வந்து, மேல்முறையீட்டில்தான் 2002 கடைசியில் விடுதலை ஆனார்கள். ஆன்டெனா, பைனாகுலர், நோட்டுப் புத்தகம் - இந்த மூன்றும் ஒரே பையில் இருந்தால் நம்மைப் பார்க்கும் போலீஸ்காரருக்கு என்ன தோன்றும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். துறைமுகம், விமானப்படைத் தளம் பக்கம் நண்பர் இல்லாமல் போகவே வேண்டாம்.

விருந்தும் மருந்தும் மூணு நாள்

நம்ம ஊர்ப் பழமொழிதான். வெளிநாட்டுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே வீட்டு வேலைக்கு ஆள் கிடையாது. நண்பர் லீவு போட்டுத்தான் உங்களைச் சுற்றிக்காட்டுவார். இரண்டு, மூன்று இரவுகள் வீட்டில், மீதி நாள்கள் தனியாக ஓட்டலில் அல்லது வேறு ஊரில் என்று முதல் மெசேஜிலேயே சொல்லிவிட்டால், அவர் வீட்டம்மாவுக்கும் நிம்மதி. ஆமாம், பொழுதுபோக்கு அவருடையது. வீடு ரெண்டு பேருடையது. ரேடியோ அறையிலேயே ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்துவிட்டு, வீட்டில் உள்ள மற்றவர்களிடம் நாலு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தால், அடுத்த முறை அழைப்பு வராது.

இலங்கைத் தமிழர் வீடு என்றால் கவலையே இல்லை. இடியாப்பம், சொதி, சம்பல் என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். போதும் போதும் என்றாலும் தட்டு காலியாகாது. பிலிப்பைன்ஸில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பக்கத்தில் போகிறவரையும் 'வாங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிடுவது வழக்கம். நம்ம கிராமம் மாதிரியேதான். சீனாவில் வட்ட மேஜையில் பொதுவாகத் தட்டுகள் வரும். விருந்து கொடுப்பவர் தன் கையால் உங்கள் தட்டில் வைப்பார். அது அன்பு. சைவம் என்றால் அங்கே வெறும் 'வெஜ்' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். காய்கறியைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுண்டு, இறைச்சிச் சாறு ஊற்றுவதும் உண்டு. ஹலால் மட்டும் சாப்பிடுபவர்களும் இதை முன்கூட்டியே எழுதிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஜெர்மனியில் ராத்திரி அதிர்ச்சி ஒன்று காத்திருக்கும். பல வீடுகளில் இரவு உணவு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெட்டிய காய்கறி என்று அடுப்பு பற்றவைக்காத சாப்பாடு. 'சூடா ஒண்ணுமே போடலையே' என்று மனசு வாடும். மரியாதைக் குறைவு இல்லைங்க, அவர்கள் தினமும் சாப்பிடுவதே அதுதான். மதியமே சூடான சாப்பாடு முடிந்திருக்கும். ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். அரை மணி முன்னாடி போவதும் அங்கே தொந்தரவுதான்.

ஜப்பான் வீட்டில் செருப்பை வாசலில் கழற்றுவது நமக்குப் பழக்கம். குளியல்தான் புதுசு. தொட்டி வெந்நீர் என்பது அழுக்குப் போகக் குளிப்பதற்கு அல்ல. வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, பிறகு தொட்டியில் உட்கார வேண்டும். அதே தண்ணீரில்தான் வீட்டில் உள்ள மற்றவர்களும் இறங்குவார்கள். விருந்தாளிக்குத்தான் முதல் உரிமை. குளித்து முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டால், முழு வீட்டுக்கும் அன்றைய குளியல் போச்சு!

செலவு விஷயத்தில் வெட்கப்படாமல் பேசுங்கள். தங்குவதற்குக் காசு கொடுத்தால் பெரும்பாலும் மனசு நோகும். அதற்குப் பதிலாக ஒருநாள் காய்கறிக் கடை பில்லை நீங்கள் கட்டலாம், பெட்ரோல் போடலாம், ஒரு ராத்திரி நீங்களே சமைக்கலாம். ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் போதும். அந்த வீட்டில் பல வருஷம் பேசுவார்கள்.

என்ன எடுத்துப் போவது? நம்ம மாவட்டத்துக்காரர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளங்கை அளவு சிற்பம் ஒன்று, அரியலூர்ப் பக்கத்து முந்திரி அரைக் கிலோ. (ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் மரம், உணவு எல்லாவற்றையும் விமான நிலைய அட்டையில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம்.) சின்ன வெங்காயம், விதை, தயிர் மிளகாய் எல்லாம் நண்பர் கேட்டாலும் தவிர்க்கலாம். காரை பக்கம் கிடைக்கும் கடல் உயிரினத் தொல்லெச்சங்களைப் பரிசாக எடுத்துப்போக ஆசை வரும். வேண்டவே வேண்டாம். அவை மண்ணில் இருக்கும்போதுதான் ஆய்வாளர்களுக்குப் பயன். நண்பர் இங்கே வரும்போது அங்கேயே காட்டுங்கள்.

இது நட்புதானா?

கொஞ்சம் கசப்பான பகுதி. 'லண்டன் ஃப்ரெண்ட் கிஃப்ட் அனுப்பியிருக்கார், கஸ்டம்ஸ் கட்டணம் கட்டுங்க' என்று போன் வருவது, 'தாய்லாந்து வாங்க, தங்க இடம் நம்ம பொறுப்பு, வேலையும் இருக்கு' என்று மெசேஜ் வருவது எல்லாம் இப்போது சாதாரணம். அப்படி நம்பிப்போன தமிழ்நாட்டு இளைஞர்கள் கம்போடியா, மியான்மர் பக்கம் மோசடிக் கூடங்களில் சிக்கி மீட்கப்பட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

பொழுதுபோக்கு நட்பைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நிஜமான டி.எக்ஸர் உங்களிடம் முதலில் பேசுவது அலைவரிசை பற்றி. போலி ஆள் முதலில் பேசுவது உங்களைப் பற்றி. ஹாம் என்றால் அழைப்புக் குறியை வைத்துத் தேடலாம், அந்த நாட்டுச் சங்கத்தில் விசாரிக்கலாம். உங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவான மூன்றாவது நண்பர் ஒருவராவது இருப்பார். யாருமே இல்லை என்றால், ஒருமுறை யோசிப்பது நல்லது. விசிட் விசாவில் போய் வேலை என்று யார் சொன்னாலும் அது வம்பு. பணம் கைமாறிவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

பெண்கள் தனியாகப் போவதைத் தடுக்க நான் யார்? ஆனால், முதல் சந்திப்பு சங்கக் கூட்டத்திலோ பொது இடத்திலோ இருக்கட்டும். குடும்பமாக இருக்கும் வீடாகப் பார்த்துத் தங்குங்கள். வேறு தங்குமிடத்துக்கான காசு எப்போதும் கையில் தனியாக இருக்கட்டும். வெறும் 'நல்ல மனுஷன்தான்' என்பது ஒரு முகவரி ஆகாது.

இப்போ நம்ம முறை

போய் வந்தாச்சு. படம் எல்லாம் ஸ்டேட்டஸ் போட்டாச்சு. ஆறு மாசம் கழித்து அவர் கேட்பார், 'ஜனவரியில் இந்தியா வரலாம்னு இருக்கேன், உங்க ஊர் எப்படி?' இங்கேதான் நம்ம ஆட்கள் பலரும் தயங்குகிறார்கள். ஏ.சி இல்லையே, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையே, சின்ன வீடாச்சே என்று. கடன் வாங்கி டைல்ஸ் ஒட்டிய கதைகளும் உண்டு.

டைல்ஸைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவரை வீட்டில் தங்கவைத்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 'சி ஃபார்ம்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஓட்டலுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கும் உண்டு. இலங்கையிலிருந்து வரும் தமிழ் நண்பரும் சட்டப்படி வெளிநாட்டவர்தான். அவர் டிக்கெட் போட்ட அன்றைக்கே பதிவு முறையைப் பார்த்துவைத்தால் கடைசி நேரப் பதற்றம் இருக்காது. உள்ளூர் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கிராமத்தில் எப்படியும் அரை மணி நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும், நீங்கள் சொல்லித் தெரிவது கௌரவம்.

நண்பருக்கும் ரெண்டு எச்சரிக்கை அனுப்புங்கள். சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியே மெசேஜ் அனுப்பும் மலையேற்றக் கருவி எதையும் கொண்டுவரக் கூடாது. வெளிநாடுகளில் கடையில் சாதாரணமாக விற்கும் அந்தக் கருவியை அனுமதி இல்லாமல் கொண்டுவந்து, இந்திய விமான நிலையங்களில் மாட்டிக்கொண்ட பயணிகள் இருக்கிறார்கள். பேசும் ரேடியோவுக்கும் இந்திய அனுமதி முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

எங்கே கூட்டிப்போவது என்ற கவலை நமக்கு வேண்டாம். கோட்டை வாசலிலேயே இருக்கிறது. அகழியையும் அரைவட்டக் கொத்தளங்களையும் காலை வெயில் ஏறும் முன் பார்த்துவிடலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் சுவரில் ஆன்டெனா கட்டும் ஆசையும் ட்ரோன் ஆசையும் வேண்டாம். சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டு வயசு சொல்லப்படும் கல்மரம், 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வந்தால் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. ஒரு நாள் ஒதுக்கினால் கங்கைகொண்ட சோழபுரம்.

ஆனால், ரேடியோக்காரருக்கு நம்ம ஊரில் உண்மையான பொக்கிஷம் வேறு. ஐரோப்பிய நகரத்து அடுக்குமாடியில் சிற்றலையைத் திருப்பினால் எல்.இ.டி விளக்கு, சார்ஜர், லிஃப்ட் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சல்தான் கேட்கும். அதனால்தான் நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் ரேடியோவை உலகம் முழுக்க அவரவர் வீட்டிலிருந்து கேட்கிறார்கள். அப்படிப்பட்டவரைக் கொல்லைப்புறத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் இடையில் 20 மீட்டர் செப்பு வயரை இழுத்துக் கட்டிக்கொடுத்துப் பாருங்கள். பம்ப்செட் மோட்டார் நின்ற பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சிற்றலை அப்படியே திறந்துகொள்ளும். டீ ஃபிளாஸ்க் ஒன்று, கொசுவத்தி ஒன்று, பதிவேட்டில் குறிக்க டார்ச் ஒன்று. ஏ.சி பற்றி அவர் கேட்கவே மாட்டார்.

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறார் என்றால் மட்டும் ஒரு விஷயம். மேற்கே மின்னல் தெரிந்தால் எந்த நிலையம் கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, முதலில் ரேடியோவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ரெண்டு பேரும் வீட்டுக்குள் போய்விடுங்கள்.